ஷண்டிங் இன்ஜினுக்கு வேகம் எதற்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மாடல் ரயில்களுக்காக ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ்ப் பத்திரிகையில் இப்படி ஒரு பக்கத்தைப் பார்ப்பது அபூர்வம். அதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியில் ஒரு டீசல் ஷண்டிங் இன்ஜின் (யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் இன்ஜின்) மாடலை மதிப்பிட்டு, ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்த முறையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பெயின்ட் பளபளக்கிறது, ஹார்ன் நிஜம் போலவே கேட்கிறது, முழு வேகம் கொடுத்தால் பறக்கிறது என்று மூன்று காரணங்கள் எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஷண்டிங் இன்ஜின் பறப்பதைப் பாராட்ட என்ன இருக்கிறது? அது எவ்வளவு மெதுவாக நகரும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

நான் பொன்மலை டீசல் ஷெட்டில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். டபிள்யூ.டி.எம்-2 என்ற மெயின் லைன் டீசல் இன்ஜின்களைப் பிரிப்பதும் பூட்டுவதுமாகவே என் சர்வீஸ் போனது. அந்த இன்ஜின்களுக்கு மூலம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஸ்கெனெக்டடி என்ற ஊரில் இருந்த ஆல்கோ கம்பெனி. 1962-ல் அங்கிருந்து முதல் வண்டிகள் வந்தன. 1964 முதல் வாராணசியிலேயே கட்ட ஆரம்பித்தார்கள். 1969-ல் ஆல்கோ மூடப்பட்டது. நம் ஊரில் அதன் பிறகும் பல பத்தாண்டுகள் ஆல்கோவின் அதே 251 ரக டீசல் இன்ஜினைக் கட்டி ஓட்டினோம். அதனால் ஆல்கோ என்ற பெயர் எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. கட்டுரையில் வந்த ஆல்கோ எஸ்-2 ஷண்டிங் இன்ஜின் மாடல் என் மேசை மேலும் இருக்கிறது. நியூஜெர்சியில் இருக்கும் என் மகள் வாங்கி அனுப்பினாள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

எஸ்-2 என்பது 251 வருவதற்கு முந்தைய தலைமுறை. 1940 முதல் 1950 வரை சுமார் 1,500 வண்டிகள் கட்டப்பட்டன. ஆயிரம் குதிரைத்திறன், டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) வைத்த ஆறு சிலிண்டர் 539 ரக டீசல் இன்ஜின், ஜெனரல் எலக்ட்ரிக்கின் மோட்டார்கள், நான்கு சக்கர போகிகள் (சக்கரங்களைத் தாங்கும் சட்டங்கள்) இரண்டு, எடை நூறு டன்னுக்குக் கொஞ்சம் மேல். நியூயார்க் சென்ட்ரல், பென்சில்வேனியா, டெலவேர் அண்ட் ஹட்சன் என்று பல கம்பெனிகளின் யார்டுகளில் இரவு பகலாக வேகன்களைப் பிரித்தும் சேர்த்தும் தள்ளியது. மெயின் லைனில் மணிக்கு அறுபது மைல் வரை போகும் என்பார்கள். போகும்தான், ஆனால் அதற்காக யாரும் அதை வாங்கவில்லை. யார்டில் அது வாழ்நாளெல்லாம் செய்த வேலை, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டரில் போய் ஒரு வேகனைத் தொடுவது, இழுப்பது, விடுவது, திரும்பி வருவது. நம் பொது விதிகளில்கூட ஷண்டிங்குக்கு மணிக்கு 15 கிலோமீட்டர்தான் வரம்பு, வெடிபொருள் வேகன் என்றால் 8. அமெரிக்காவில் வேகனோடு வேகனை இணைக்கும் வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டக் கூடாது என்பது யார்டுக்காரர்களின் பாலபாடம்.

இதை மாடலில் சோதிப்பது சுலபம். எச்.ஓ. என்ற அளவு நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது அந்த அளவில் விநாடிக்கு 16 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் தண்டவாளத்தைப் போட்டு, இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்து, கடிகாரத்தைப் பார்த்தால் போதும். ஒரு மீட்டரைக் கடக்க 63 விநாடி ஆனால் மணிக்கு 5 கிலோமீட்டர். 49 விநாடி என்றால் அந்த 4 மைல். 21 விநாடி என்றால் நம் 15 கிலோமீட்டர் வரம்பு. மூன்றே விநாடியில் கடந்துவிட்டால் எஸ்-2-வின் உச்ச வேகத்தையும் தாண்டிவிட்டது. கட்டுரையாளர் 'பறக்கிறது' என்று எழுதியது இதைத்தான். பல மாடல்கள் முழு வோல்டேஜில் நிஜ வண்டி கனவிலும் போகாத வேகத்தில் ஓடும். அப்படிச் செய்த மோட்டார், கியர் அமைப்பில் கன்ட்ரோலரின் பெரும்பகுதி பயனில்லாத வேகத்துக்குப் போய்விடுகிறது. நமக்கு வேண்டிய மெதுவான வேகம் கைப்பிடியின் முதல் கொஞ்சம் திருப்பலுக்குள் அடைபட்டுக் கிடக்கும். வேகத்துக்கு மதிப்பெண் குறைக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருக்கிறார் அவர்.

என் மாடல் ஒரு மீட்டரைக் கடக்க நான்கு நிமிடம் எடுத்துக்கொள்ளும் அளவுக்கு இறங்கி ஓடுகிறது. நிஜ அளவில் மணிக்கு சுமார் 1.3 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சக்கரம் சுற்றுவதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விட்டு விட்டுச் சுற்றாமல் ஒரே சீராகப் போகிறது. அதைப் பார்த்தபோது, இந்த மாடலை வடிவமைத்தவர்களில் யாரோ ஒருவர் யார்டில் நின்று பார்த்தவர் என்று தோன்றியது. இந்தச் சீரான ஓட்டம் மோட்டாரில் மட்டும் இல்லை. மோட்டாரின் இரு முனையிலும் ஃப்ளைவீல், அதற்கப்புறம் வார்ம் கியர், அதிலிருந்து போகிக்குள் அடுக்கடுக்காகப் பல்சக்கரங்கள் என்று எல்லாம் சேர்ந்தால்தான் வரும். ஏதாவது ஒரு பல்லில் பிசிறு இருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சின்ன உதறல் தெரியும். வேகமாக ஓட்டினால் அது மறைந்துவிடும். மெதுவாக ஓட்டச் சொல்வது அதற்காகத்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்போது வரும் மாடல்கள் பெரும்பாலும் டி.சி.சி. முறையில் ஓடுகின்றன. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும், இன்ஜினுக்குள் இருக்கும் டிகோடர் அதிலேயே கட்டளையையும் வாங்கிக்கொள்ளும். ஜெர்மனியின் லென்ஸ் கம்பெனி செய்ததை அடிப்படையாக வைத்து, அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்வே சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அந்த டிகோடரில் சி.வி. 3, சி.வி. 4 என்று இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று வேகம் ஏறுவதைத் தாமதமாக்கும், மற்றது நிற்பதைத் தாமதமாக்கும். ஃபாக்டரியிலிருந்து வரும்போதே இவற்றைக் கூட்டி வைத்து அனுப்புவார்கள். அதனால் கிளம்புவதும் நிற்பதும் மழமழவென்று இருக்கும். பார்க்கிறவர் 'ஆஹா, என்ன மென்மை' என்று நினைத்துவிடுவார். மதிப்பிட உட்கார்ந்தால் முதல் வேலையாக அந்த இரண்டையும் பூஜ்யமாக்க வேண்டும். அப்புறம் தெரியும் மோட்டாரின் உண்மையான குணம். சோதித்து முடித்துவிட்டு வேண்டிய அளவுக்குத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். கட்டுரையில் இதைச் செய்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது மின்சாரம் எடுக்கும் முறை. பெரிய மெயின் லைன் இன்ஜின் மாடலுக்கு இது அவ்வளவு தொல்லை இல்லை, ஷண்டிங் இன்ஜினுக்கு இதுதான் உயிர். தடம் பிரியும் பாயின்ட்டில் இரண்டு தண்டவாளம் வெட்டிக்கொள்ளும் கிராசிங், மலிவான மாடல் பாயின்ட்களில் பிளாஸ்டிக்காக இருக்கும். அங்கே மின்சாரம் கிடையாது. எஸ்-2-வின் ஒரு போகியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே எட்டு அடி. எச்.ஓ. அளவில் 28 மில்லிமீட்டர்தான். ஊர்ந்து வரும்போது ஒரு போகி முழுக்க அந்தச் செத்த இடத்தில் ஏறி நிற்க வாய்ப்பு உண்டு. எட்டுச் சக்கரமும் மின்சாரம் எடுத்தால் மற்ற போகி காப்பாற்றும். சில சக்கரங்கள் மட்டும் எடுத்தால் வண்டி நடு பாயின்ட்டில் நின்றுவிடும். கையால் தள்ளிவிட வேண்டியதுதான். யார்டு என்றாலே வரிசையாகப் பாயின்ட்கள்தான் என்பதால் இதை ஒரு ஓரக் குறையாகத் தள்ள முடியாது. என் மாடலில் எட்டுச் சக்கரமும் எடுக்கின்றன. தெரிந்துகொள்ள ஒரு வழி சொல்கிறேன்: ஒரு பக்கத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றின் கீழும் சின்னக் காகிதத் துண்டைச் செருகி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் அடுத்த சக்கரம். உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர் வைத்த மாடல்கள் இப்போது வருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் சக்கரத்திலிருந்து எடுக்கும் தகடு மோசமாக இருப்பதை மூடிமறைக்க அதைப் பயன்படுத்தியிருந்தால், தூசி படிந்த ஆறு மாதத்தில் குட்டு வெளியே வந்துவிடும்.

இணைப்பைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். வேகனோடு இணைவதற்காகவே பிறந்த வண்டி அது. அமெரிக்க மாடல்களில் கேடீ கப்ளர் என்ற இணைப்புக் கொக்கி கிட்டத்தட்ட பொதுவழக்கு. ஆரகன் மாநிலத்தைச் சேர்ந்த கீத், டேல் என்ற சகோதரர்கள் தங்கள் பெயர்களின் முதல் எழுத்தைச் சேர்த்துக் கம்பெனிக்கு வைத்த பெயர் அது. நம் ரயில்களில் இருக்கும் சி.பி.சி. (சென்டர் பஃபர்) கப்ளர் போலவே கைமுஷ்டி வடிவம். அடியில் தொங்கும் வளைந்த கம்பியைத் தண்டவாளத்துக்கு நடுவே வைத்த காந்தம் இழுக்கும்போது முஷ்டி திறந்துகொள்ளும். கப்ளரின் நடு உயரம் தண்டவாள மட்டத்திலிருந்து சுமார் 9.9 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கென்று ஒரு கேஜும் விற்கிறார்கள். எனக்கு வந்த மாடலில் பின்பக்கக் கப்ளர் தாழ்ந்து தொங்கியது, கம்பி ஒவ்வொரு கிராசிங்கிலும் இடித்தது. சக்கரங்களின் உள்முக இடைவெளியையும் என்.எம்.ஆர்.ஏ. விற்கும் தகட்டு கேஜ் வைத்துப் பார்த்தேன். ஒரு ஜோடி நெருங்கி உட்கார்ந்திருந்தது, பாயின்ட்டில் ஏறும்போது வண்டி துள்ளியதற்குக் காரணம் அதுதான். நிஜ இன்ஜினில் இந்த அளவு தப்பியிருந்தால் நாங்கள் ஷெட்டை விட்டு வெளியே விட்டிருக்க மாட்டோம். விற்ற கடைக்கு எழுதினால், 'பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், இனி எடுத்துக்கொள்ள மாட்டோம்' என்று பதில் வந்தது. பெட்டியைத் திறக்காமல் சக்கரத்தை எப்படி அளப்பது? இந்த விலைக்கு விற்கிற பொருளில் சக்கரத்தை அளந்து பார்த்துப் பெட்டியில் வைப்பது உற்பத்தியாளரின் கடமை. அதை வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. நான் மெக்கானிக், அச்சைக் கொஞ்சம் இழுத்துச் சரிசெய்துகொண்டேன். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சேமித்த காசில் வாங்கியிருந்தால் என்ன செய்வான்? இதையெல்லாம் மதிப்பீடு எழுதுகிறவர்தான் அவனுக்காகக் கேட்க வேண்டும்.

கப்ளரைச் சரிசெய்தபின் நான் பார்த்த சோதனை இது. ஒற்றை வேகனைப் பிரேக் எதுவும் இல்லாமல் மட்டமான பாதையில் நிறுத்தினேன். நாற்பது அடி பாக்ஸ்கார், என்.எம்.ஆர்.ஏ. பரிந்துரைப்படி சுமார் 106 கிராம் எடை. இன்ஜின் வந்து தொட்டு இணைந்தபோது வேகன் ஒரு விரற்கடைக்கு மேல் நகரக் கூடாது. நல்ல ஷண்டர் தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல வேகனைத் தொடுவார். அப்படித் தொட மாடலுக்கு முடிகிறதா என்பதுதான் சோதனை. முடிந்தது. கப்ளர் பூட்டிக்கொண்ட 'டிக்' கேட்டது, வேகன் இருந்த இடத்திலேயே இருந்தது. எனக்கு அந்த ஒரு நொடிக்கே கொடுத்த காசு தகும்.

எடையும் இழுவையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிஜ வண்டியின் 104 டன்னை எச்.ஓ. அளவுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் 87-ஆல் வகுத்துக் குறைத்தால் 158 கிராம்தான் வரும். அந்த எடையில் மாடல் செய்தால் எதையும் இழுக்காது, சக்கரம் வழுக்கும். அதனால் வார்ப்பு உலோகச் சட்டம் வைத்துக் கனமாக்குகிறார்கள். என்னுடையது தராசில் 300 கிராம் காட்டியது. ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்தால் சக்கரம் வழுக்கத் தொடங்குமுன் 65 கிராம். ரப்பர் வளையம் போடாத சக்கரத்துக்கு எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழுவை கிடைத்தாலே நல்லது. மட்டமான பாதையில் இருபது பெட்டிக்குக் குறையாது, ஐம்பதுக்கு ஒன்று ஏற்றத்தில் பத்துப் பன்னிரண்டு. ஷண்டிங்குக்கு இது தாராளம்.

சரி, கட்டுரையாளர் மனம் விட்டுப் பாராட்டிய சத்தத்துக்கு வருவோம். ஹார்னைப் பற்றி எழுதினார், இன்ஜின் சத்தத்தைப் பற்றி எழுதவில்லை. காது பழகியவர்களுக்கு அதில்தான் விஷயம். எஸ்-2-வின் 539 இன்ஜின் நான்கு ஸ்ட்ரோக், ஆறு சிலிண்டர், முழு வேகத்தில் நிமிடத்துக்கு 740 சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று சிலிண்டர் வெடிக்கும். கணக்குப் போட்டால் முழு நாட்ச்சிலேயே (த்ராட்டிலின் கடைசிப் படி) விநாடிக்கு 37 வெடிப்புதான். ஐடிலில் இன்னும் குறைவு, ஒவ்வொரு வெடிப்பும் காதில் தனித்தனியாக விழும். நம் டபிள்யூ.டி.எம்-2-ல் 16 சிலிண்டர், 1000 சுற்று, விநாடிக்கு 133. இரண்டும் ஆல்கோதான், சத்தம் வேறு. அமெரிக்காவில் எஸ்-2-வின் போட்டியாளராக இருந்தது ஜெனரல் மோட்டார்ஸின் இன்ஜின். அது இரண்டு ஸ்ட்ரோக், ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லா சிலிண்டரும் வெடிக்கும். 12 சிலிண்டர், 800 சுற்று என்றால் விநாடிக்கு 160 வெடிப்பு. அதில் தனித்தனி அடி கேட்காது, ஒரே ரீங்காரம். சில மாடல்களில் ஒரே சத்தப் பதிவை எல்லா இன்ஜினுக்கும் போட்டுவிடுகிறார்கள். பொம்மைக்கடையில் கேட்கும்போது தெரியாது, ஷெட்டில் வேலை பார்த்தவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். என் மாடலில் ஐடில் சத்தம் சரியான 539. அந்த மெதுவான, கனத்த 'தக்... தக்... தக்' இருக்கிறது. நாட்ச் கூட்டினால் டர்போவின் சீட்டியும் கொஞ்சம் தாமதித்து ஏறுகிறது. அந்தத் தாமதம் வெறும் அலங்காரம் இல்லை. சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் டீசலை உடனே கூட்டிவிடும், டர்போ சுற்றுப் பிடித்துக் காற்றைத் தர நேரம் ஆகும், அந்த இடைவெளியில் எரியாத டீசல் கரும்புகையாக வரும். ஆல்கோ என்றாலே புகை என்று உலகமெல்லாம் ரயில் ரசிகர்கள் பேசுவதற்குக் காரணம் இதுதான். திருச்சி வழியாக டபிள்யூ.டி.எம்-2 இழுத்த வண்டிகளில் போனவர்களுக்கு அந்தப் புகை தெரியும்.

ஒரு குறை: ஸ்பீக்கர் மிகச் சிறியது, அடித்தொண்டைச் சத்தம் வராது. ஒலியைக் கூட்டக் கூட்டத் தகர டப்பா போல ஆகிறது. பாதியில் வைத்துக் கேட்பதே நல்லது. ஹார்ன் மட்டும் காதைப் பிளக்கும் அளவுக்கு வைத்திருக்கிறார்கள். சின்ன அறைக்கு அது தேவையில்லை.

இனி நுணுக்க வேலைப்பாடு. 'நுணுக்கமான மாடல்' என்று தலைப்பே போட்டிருந்தீர்கள். எதை வைத்து நுணுக்கம்? கம்பிகள் நிறைய ஒட்டியிருந்தால் நுணுக்கம் ஆகிவிடாது. எந்த எண், எந்த வருடம் என்று ஒரு நிஜ வண்டியை முடிவு செய்து, அதன் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆல்கோவில் 660 குதிரைத்திறன் எஸ்-1, ஆயிரம் குதிரைத்திறன் எஸ்-2 இரண்டும் ஒரே காலத்தில் வந்தவை, ஒரே ஹூட் (இன்ஜினை மூடும் நீளக் கூடு), ஒரே கேபின். பிரித்தறிய இரண்டு இடத்தைப் பார்ப்பார்கள். எஸ்-2-வின் புகைபோக்கி தடித்தது, டர்போ இருப்பதால். ஹூட்டின் முன்பகுதியில், பக்கவாட்டில் இருக்கும் ரேடியேட்டர் ஷட்டரும் பெரியது. அடுத்து வந்த எஸ்-4-ல் போகியே மாறிவிட்டது. எஸ்-2-வில் இருப்பது ஆல்கோவின் ஜேம்ஸ் பிளன்ட் வடிவமைத்த போகி. அவர் பெயராலேயே பிளன்ட் போகி என்பார்கள். எஸ்-2 என்று பெயர் போட்டு எஸ்-4 போகியை மாட்டியிருந்தால், எத்தனை கம்பி ஒட்டினாலும் அது தப்பான வண்டி. என் மாடலில் மூன்றும் சரி. புகைபோக்கியின் அடிப்பாகம், ஷட்டரின் ஒவ்வொரு தகடு, போகியின் பக்கச் சட்டத்தில் இருக்கும் போல்ட் தலை வரைக்கும் எடுத்திருக்கிறார்கள். போகி தண்டவாளத்துக்கு மிக அருகில் இருப்பதால் அங்கேதான் பலரும் சோம்பல் படுவார்கள். இவர்கள் படவில்லை.

கைப்பிடிக் கம்பியை வெர்னியரில் அளந்தேன். நிஜத்தில் ஏறும்போது பிடிக்கிற கம்பி முக்கால் அங்குல கனம். எச்.ஓ. அளவில் 0.22 மில்லிமீட்டர் வர வேண்டும். இதில் 0.3. உலோகக் கம்பிதான், நேராக இருக்கிறது. விரல் பட்டால் ஒடியாத அளவுக்கு இந்தக் கனத்தை ஏற்கலாம். ஆனால் நடைமேடையின் நீளக் கைப்பிடி பிளாஸ்டிக்கில் செய்தது. கனமும் அதிகம், நடுவில் லேசாக வளைந்திருக்கிறது. வெயில் பக்கமாக வைத்துப் பார்த்தால் வளைவு உடனே தெரிகிறது. கறுப்பு நிற இன்ஜின் என்பதால் கட்டுரையில் வந்த படத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்துபோய்விட்டது. இந்த மாதிரி வண்டியை ஒரு பக்கமிருந்து சாய்வாக விளக்கடித்துத்தான் படமெடுக்க வேண்டும். அப்போதுதான் கதவின் கீல், தாழ்ப்பாள், ஹூட்டின் காற்றுத் துளைகள் எழும்பி வரும். பெயின்ட் பளபளப்பைப் பாராட்டியிருந்தார்கள். யார்டில் புகையிலும் மசியிலும் நின்ற வண்டிக்கு அவ்வளவு பளபளப்பு கிடையாது. எண்களும் எழுத்துகளும் மட்டும் பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் விளிம்பு கூர்மையாக இருக்கின்றன, அதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம்.

இரு முனையிலும் தண்டவாளத்துக்கு மேலே தாழ்வாக ஒரு பாதப்பலகை இருக்கிறதே, அதைக் கட்டுரையாளர் 'அழகான படி' என்று எழுதிவிட்டார். யார்டு ஊழியர்கள் ஓடும் இன்ஜினின் முன்னால் அந்தப் பலகையில் நின்றபடி போவார்கள், குதித்து இறங்கிப் பாயின்ட் மாற்றுவார்கள், கப்ளரைத் திறப்பார்கள். கால் வழுக்கினால் சக்கரத்துக்கு அடியில்தான். எத்தனையோ பேர் காலையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்க அரசாங்கம் அதற்குத் தடை போட்டது. ஆகவே 1950-களின் எழுத்து வடிவம் போட்ட என் மாடலில் பலகை இருப்பது சரி. 1980-களின் நிறத்தில் வாங்கினால் பலகை இருக்கக் கூடாது, மூலையில் படிகள்தான் இருக்க வேண்டும். மாடலை மதிப்பிடும்போது இதைப் பார்ப்பது வெறும் பொருத்தம் தேடுவதற்காக மட்டும் இல்லை. அந்தப் பலகையில் நின்று வேலை செய்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். நம் யார்டுகளில் இரண்டு வேகனுக்கு நடுவே போய்க் கப்ளிங் மாட்டும் பாயின்ட்ஸ்மேன்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கேபினுக்குள் கன்ட்ரோல் ஸ்டாண்ட், இருக்கை, பிரேக் கைப்பிடி எல்லாம் இருக்கின்றன. ஒரு கண்ணாடியில் பசை வழிந்து வெள்ளையாகப் படிந்திருக்கிறது. டிரைவர் பொம்மை இல்லை, நாம்தான் வாங்கி உட்கார வைக்க வேண்டும்.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் மாடல் நல்ல மாடல்தான். நானும் நாலு நட்சத்திரம் கொடுப்பேன். உங்கள் கட்டுரையாளர் கொடுத்த காரணங்களுக்காக அல்ல, ஓட்டத்துக்கும் போகிக்கும் 539 சத்தத்துக்கும். சக்கரத்தை அளக்காமல் பெட்டியில் வைத்து அனுப்பியதற்கும் கைப்பிடிக்கும்தான் அந்த ஐந்தாவது நட்சத்திரத்தைக் குறைத்தேன்.

இந்த மாதிரி மாடல்களுக்கு நம் ஊரில் விலை கொஞ்சமில்லை. கப்பல் கூலி, சுங்க வரி எல்லாம் சேர்ந்தால் ஒரு குடும்பம் யோசித்துத்தான் வாங்க முடியும். உங்கள் பத்திரிகையை நம்பி வாங்குகிறவர்களும் இருப்பார்கள். ஆகவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை எந்த இன்ஜின் மாடலை மதிப்பிட்டாலும், ஒரு மீட்டரைக் கடக்க அதிகபட்சம் எத்தனை விநாடி எடுக்கிறது, எத்தனை சக்கரம் மின்சாரம் எடுக்கிறது, கப்ளர் உயரம், சக்கர இடைவெளி, எடை, இழுவை இந்த ஆறையும் ஒரு சின்னக் கட்டத்தில் போடுங்கள். நட்சத்திரம் அதற்குப் பிறகு வரட்டும். நிஜத்தில் எந்த வண்டி, எந்த வருடம் என்பதையும் ஒரு வரி சேர்த்தால், நம் டபிள்யூ.டி.எஸ்-6 ஷண்டிங் இன்ஜினை எச்.ஓ. அளவில் கையால் செய்ய முயலும் இளைஞர்களுக்கும் உதவும். அதிலும் ஆறு சிலிண்டர் ஆல்கோதான், ஆனால் 251. போகிக்கு மூன்று அச்சு, நம் அகலப் பாதை. 1676 மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும், கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர்தான். அதை எப்படிச் சமாளிப்பது என்பதற்கே ஒரு முழுப் பக்கம் தேவைப்படும். நீங்கள் இடம் கொடுத்தால் எழுதித் தருகிறேன்.

கட்டுரையாளர் திருச்சி பக்கம் வந்தால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரு மீட்டர் தண்டவாளம், இரண்டு பாயின்ட், தகட்டு கேஜ், ஸ்பிரிங் தராசு எல்லாம் மேசை மேலேயே இருக்கின்றன. அவருடைய எஸ்-2-வையும் கொண்டுவரட்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீசல் ஷெட் மெக்கானிக்,
பொன்மலை, திருச்சிராப்பள்ளி.